டில்பரியை ஆற்றிலிருந்து பார்க்க விடுங்கள்

தேம்ஸ் ஆற்றின் வடகரையில் டில்பரியையும் தென்கரையில் கிரேவ்ஸெண்டையும் நிர்வகிக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும், அங்குள்ள இறங்குதுறைகளையும் கப்பல்துறைகளையும் கையில் வைத்திருப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

2024 மார்ச் 31ஆம் திகதியோடு டில்பரிக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் நடுவே ஓடிய பயணிகள் படகு நின்றுபோனது. பல நூற்றாண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருந்த படகு அது. இனி அதற்குப் பணம் ஒதுக்க முடியாது என்று இரு கரைக் கவுன்சில்களும் கைவிரித்துவிட்டன. வடகரைக் கவுன்சில் 2022 டிசம்பரிலேயே வரவு செலவுக்குப் போதாது என்று சட்டப்படி அறிவித்திருந்தது. தென்கரையிலும் பணமுடைதான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஆள் குறைந்த ஒரு பேருந்துத் தடத்தை வெட்டுவது போல இந்தப் படகை வெட்டிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படகு ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மை. அதோடு, இந்த இரண்டு ஊர்களின் கடல்சார் வரலாற்றைச் சாதாரண மனிதர் ஒருவர் நேருக்கு நேர் பார்க்கவும் படம் எடுக்கவும் இருந்த ஒரே இடமும் அதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கிழக்கு லண்டனில் குடியிருப்பவன். தேம்ஸின் கீழாற்றுப் பக்கத்தில் இருக்கும் துறைகள், கோட்டைகள், இறங்குதுறைகளைப் பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் கால்வைத்து இந்த நாட்டுக்குள் வந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. என்ன நடக்கிறது என்று அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அறிய வேண்டும்.

படம் எடுப்பவனாக எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். டில்பரியில் பார்க்க வேண்டியவை எல்லாம் ஆற்றைப் பார்த்துக் கட்டப்பட்டவை. நிலத்தின் பக்கமாகப் போனால் அவற்றின் முதுகுதான் தெரியும்.

கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஹென்றி 1539இல் அங்கே ஒரு காவல் அரணைக் கட்டினான். பிறகு 1670இல் பெர்னார்ட் டி கோம் என்ற பொறியியலாளர் அதே இடத்தில் நட்சத்திர வடிவக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இரட்டை அகழி, கூர்முனைக் கொத்தளங்கள் எல்லாம் இருந்தாலும், அலங்காரமான வாயில் நீர்வாயில் ஒன்றுதான். இரண்டாம் சார்லஸின் பெயர் பொறித்த அந்தக் கல் வாயில் ஆற்றுப் பக்கம்தான் இருக்கிறது. லண்டனுக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலும் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள் என்று நினைக்கிறேன். கரையோர நடைபாதையில் நின்று அண்ணாந்தால் வாயிலின் செதுக்கு வேலை நன்றாகத் தெரியும். தூண்களின் விளிம்பு உப்புக்காற்றில் அரித்துப் போயிருப்பது கூடத் தெரியும். ஆனால் கோட்டை எங்கே இருக்கிறது, எதை நோக்கி இருக்கிறது, ஏன் இந்த வளைவில் கட்டினார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது. அதற்கு ஆற்றின் நடுவில் நிற்க வேண்டும்.

அடுத்தது இறங்குதுறை. 1930இல் அப்போதைய பிரதமர் ராம்ஸே மெக்டொனால்ட் திறந்து வைத்தது. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமான மிதவைத் துறை. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவே நீர்மட்டம் ஆறு மீட்டர் வரை மாறும். துறை முழுவதும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். கரையிலிருந்து அதற்குப் போகும் இரும்பு நடைபாலங்கள் பெருக்கு நேரத்தில் சமமாகவும், வற்று நேரத்தில் சரிவாகவும் நிற்கும். பின்னால் எட்வின் கூப்பர் வரைந்த ரயில் நிலையமும் பயணப்பொதி மண்டபமும் இருக்கின்றன. லண்டன் டவருக்குப் பக்கத்தில் துறைமுக அதிகார சபைக்காகப் பெரிய தலைமையகத்தைக் கட்டிய அதே கட்டடக்கலைஞர்தான் அவர். அந்த ரயில் நிலையத்தை 1992 நவம்பரில் மூடினார்கள். நிலையமும் மிதவைத் துறையும் சேர்ந்து இன்று உயர்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

பட்டியலில் இருப்பது சரி. யார் பார்க்கிறார்கள்?

கிரேவ்ஸெண்ட் கரையில் நின்றே டில்பரியைப் படம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆறு அந்த இடத்தில் முக்கால் கிலோமீட்டர் அளவு அகலம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் நன்றாகவே விழும். ஆனால் நீண்ட லென்ஸ் போட்டால் கோட்டை, அதன் பின்னால் இருக்கும் பாரந்தூக்கிகள், கொள்கலன்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ஆழமே இல்லாத ஒரு பட்டையாகிவிடும். நீர்மேல் எழும் மங்கல் மிச்சத்தையும் விழுங்கிவிடும். டில்பரிக் கரையில் நின்று கிரேவ்ஸெண்டை எடுத்தால் இதற்கு நேர்மாறு: நடுப்பகலில் சூரியன் லென்ஸுக்குள்ளேயே அடிக்கும். 1834இல் கட்டிய டவுன் பியர் என்ற இறங்குமேடை, உலகில் எஞ்சியுள்ள வார்ப்பிரும்புப் பியர்களில் மிகப் பழையது, வெறும் கரிய நிழலாகத்தான் பதியும். படகு ஆற்றின் நடுவே போகும்போது மட்டும்தான் இரண்டு கரைகளும் அதனதன் அளவில் வரும். நீர்வாயிலுக்கு நேரே வரும்போது படகு கொஞ்சம் சாயும். அந்த நேரத்தில் கோட்டையும் இறங்குதுறையும் ஒரே சட்டத்துக்குள் விழும். படகின் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த பக்கம் திரும்பினால் வழிகாட்டி மாலுமிகளின் ரோயல் டெரஸ் பியர், சிவப்பு உடம்போடு நிற்கும் பழைய விளக்குக் கப்பல், நகரத்தின் கூரைகளுக்கு மேலே புனித ஜோர்ஜ் தேவாலயக் கோபுரம். 1617இல் கப்பலில் ஊர் திரும்பும் வழியில் நோயுற்று இறந்த அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகாஹொண்டாஸை அடக்கம் செய்தது அதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தில்தான்.

இதை எல்லாம் ஒரு சில நிமிடத்தில், சில்லறைக் காசுக்கு, ஒரு பள்ளிப் பிள்ளை பார்க்க முடிந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு கோடை விடுமுறையில் அப்படிக் கூட்டிப்போனோம். ஆளுக்கொரு கைபேசி. கோட்டையை எடுங்கள், பாலத்தை எடுங்கள் என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். ஒரு சிறுமி மட்டும் குனிந்து மிதவைத் துறையின் விளிம்பை எடுத்துக்கொண்டிருந்தாள். தடித்த சங்கிலி, அதில் தொங்கும் பச்சைப் பாசி, பக்கத்தில் தகரத்தில் வரிசையாக ஆணித்தலைகள், ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை பூசிய வர்ணம் உதிர்ந்து உள்ளே தெரியும் செம்மண் நிறத் துரு. அன்று எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. இறங்குதுறை எப்படி வேலை செய்கிறது என்று அந்த ஒரு படத்தை வைத்தே வகுப்பில் விளக்க முடிந்தது.

அதே பயணத்தை மறுபடி ஒழுங்கு செய்யப் பார்த்தோம். கைவிட வேண்டியதாயிற்று. டார்ட்ஃபோர்ட் பாலத்திலும் சுரங்கத்திலும் நடந்து போக அனுமதி இல்லை. ரயிலில் போவதென்றால் டில்பரி டவுனிலிருந்து லண்டனுக்குள் வந்து, நிலையம் மாறி, மறுபடி கென்ட் பக்கம் போக வேண்டும். எதிரே தெரியும் ஊருக்குப் போக நகரத்தையே சுற்ற வேண்டிய நிலை. கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு சலிப்பு மட்டும். கார் இல்லாத குடும்பத்துக்கு அக்கரை இல்லவே இல்லை.

அப்புறம், இது எங்களுக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950களில் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் படிக்க, வேலை தேட வந்தவர்களில் பலர் கப்பலில் வந்தார்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பும் ஓரியண்ட் லைன், பி அண்ட் ஓ கப்பல்கள் கொழும்பில் நின்று, ஏடன், சூயஸ் வழியாக டில்பரிக்கு வரும். ஓர்கேட்ஸ், ஹிமாலயா, ஸ்ட்ராத்நேவர் என்று அந்தப் பெயர்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உறவுக்காரர்களின் பெயர்களைப் போலச் சொல்வார்கள். என் பெரியப்பா அப்படி வந்தவர். கடன் வாங்கிய கோட்டோடு கப்பல் தட்டில் நிற்கும் ஒரு படம் அவரிடம் இருந்தது. பின்னால் தாழ்ந்த கரை, செங்கல் கட்டடம், கொஞ்சம் புகை. இடம் எது என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. பிறகு ஒரு நாள் படகில் நின்று இறங்குதுறையைப் பார்த்தபோது, கட்டடக் கூரையின் கோடும் நடைபாலத்தின் சாய்வும் அந்தப் படத்தோடு அப்படியே பொருந்தின. நிலத்தில் நின்று அந்தப் பொருத்தத்தை யாராலும் கண்டிருக்க முடியாது. ஏனென்றால் படம் எடுத்தவர் நீரில் இருந்தார். லண்டனில் எத்தனை வீட்டு அல்பங்களில் இப்படி இடம் தெரியாத டில்பரிப் படங்கள் கிடக்கின்றன என்று யாராவது தேடியதுண்டா?

எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் வந்ததும் இதே துறைக்குத்தான். 1948 ஜூன் 21 அன்று வந்து சேர்ந்து, மறுநாள் பயணிகள் இறங்கினார்கள். கப்பலில் 1,027 பேர், பெரும்பாலானோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். பத்திரிகைக்காரர்கள் அன்று எடுத்த படங்களை இன்று உலகமே பார்க்கிறது. எவர்ட்டன் ரைட் என்ற கலைஞர், பயணிகள் நடைபாலத்தின் கண்ணாடிகள் முழுவதும் அந்தத் தலைமுறையின் படங்களையும் பயணச் சீட்டுகளையும் பதித்து வைத்திருக்கிறார். வெயில் நேரத்தில் அந்த முகங்களின் நிழல் தரையில் விழும். மற்றது, 2018இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளாக வந்து, வாழ்நாள் முழுவதும் இங்கே உழைத்தவர்களிடம் வந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அந்தக் காலத்து இறங்கு அட்டைகளை அரசாங்கமே 2010இல் அழித்திருந்தது. காகிதத்தை அழிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதால்தான் படங்களும், படங்களைச் சரிபார்க்க இடங்களும் வேண்டியிருக்கின்றன.

இந்தக் கரை அப்படியே உறைந்து நிற்கும் ஒன்றல்ல. கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. கோட்டைக்குக் கிழக்கே நின்ற மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகளும் 2017 செப்டம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆற்றில் வருபவர்களுக்கு டில்பரியை முதலில் காட்டியவை அவை. இப்போது அந்த நிலத்தில் 2020இல் திறந்த டில்பரி2 துறைமுகம். புதுத்துறை வந்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கொள்கலன் கப்பல்கள் வந்ததும் மேலாற்றுத் துறைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ரோயல் டொக்ஸ் 1981இல் மூடியது. 1886இல் திறந்த டில்பரி மட்டும் இன்னும் வேலை செய்கிறது. அங்கே இன்றும் பாரம் தூக்குகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், இரவில் வெளிச்சம் எரிகிறது. பழைய கோட்டையும் உயிருள்ள துறைமுகமும் வேலிக்கு இரு பக்கமும் நிற்பதுதான் இந்த ஊரின் அழகு. ஆனால் ஒரு கட்டடத்தை இடிக்கும் முன், ஒரு பாரந்தூக்கியைக் கழற்றும் முன், அதை முறையாகப் படம் எடுத்து வைப்பது யார்? துறைமுக அதிகார சபை தன் கையில் துறைகள் இருந்த காலத்தில் தானே படமெடுத்து வைத்தது. அந்தச் சேகரிப்பை இன்று லண்டன் டொக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1992இல் டில்பரித் துறைகள் தனியார் கைக்குப் போயின. அதற்குப் பிறகான காலத்தைப் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான் வேலிக்கு வெளியே நின்று பதிந்துகொண்டிருக்கிறோம்.

வேலிக்கு வெளியே நிற்பதிலும் தொல்லை. ஒரு தடவை இந்த ஆற்றோரத்தில், பொது நடைபாதையில் நின்று ஒரு சரக்குக் கப்பல் திரும்புவதை எடுத்துக்கொண்டிருந்தேன். சீருடை போட்ட ஒருவர் வந்து, படங்களை அழிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். பாதுகாப்பு என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பொது இடத்தில் நின்று எடுக்கும் படத்துக்கு இந்த நாட்டில் அனுமதி தேவையில்லை. படங்களை அழிக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொலிஸுக்கே கிடையாது. நான் மரியாதையாகவே மறுத்தேன், அவரும் போய்விட்டார். ஆனால் அன்று என்னோடு வந்திருந்த நண்பர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கமராவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. எங்கள் தோல் நிறத்தில் இருப்பவர்கள் துறைமுக வேலி அருகே கமராவோடு நின்றால் எத்தனை கண்கள் திரும்பும் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. வேலி உயர்ந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. வேலிக்குள்ளே என்ன செய்யக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். வெளியே என்ன செய்யலாம் என்று ஒரு வரியும் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் அவரவர் மனம்போல நிரப்புகிறார்கள்.

இனி, உங்களிடம் கேட்பது.

கவுன்சில்களிடம் முதலில்: படகை மறுபடி ஓட விடுங்கள். தினமும் முழு நேரச் சேவைக்குப் பணம் இல்லை என்றால் வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் தொடங்குங்கள். இதைப் போக்குவரத்துச் செலவு என்ற ஒரே தலைப்பில் போட்டுப் பார்க்காமல், மரபுரிமைக்கும் கல்விக்கும் கிடைக்கும் நிதிகளிலிருந்தும் பங்கு கேளுங்கள். துறைமுக நிறுவனமும் பங்கு தர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கிரேவ்ஸெண்ட் டவுன் பியரில் படகு அணையும் மேடை இருக்கிறது, டில்பரியில் மிதவைத் துறை இருக்கிறது. புதிதாக எதுவும் கட்டத் தேவையில்லை.

இறங்குதுறையை வைத்திருப்பவர்களிடம்: உல்லாசக் கப்பல் வராத நாட்களில், மாதத்துக்கு ஒரு நாளாவது, பயணப்பொதி மண்டபத்தையும் நடைபாலத்தையும் மிதவைத் துறையையும் கமராவோடு வருபவர்களுக்குத் திறந்து விடுங்கள். நாட்களை வருடத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். வற்று நேரம் ஒன்று, பெருக்கு நேரம் ஒன்று என்று மாற்றி வைத்தால் துறை ஏறி இறங்குவதையும் பதிய முடியும். முக்காலி கொண்டுவரலாமா என்பதை வாசலில் வைத்துச் சொல்லாமல் அறிவிப்பிலேயே சொல்லுங்கள்.

துறைமுகத்தை நடத்துபவர்களிடம்: பொது நடைபாதையிலிருந்து படம் எடுக்கத் தடையில்லை என்று வேலியில் ஒரு பலகை வையுங்கள், உங்கள் பாதுகாவலர்களுக்கும் அதை எழுத்தில் கொடுங்கள். பழைய கட்டடம், பூட்டுவாயில், பாரந்தூக்கி எதையாவது மாற்றவோ இடிக்கவோ போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முன் முழுமையாகப் படம் எடுத்து அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்குங்கள். கவுன்சில்கள் திட்ட அனுமதி கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக வைக்கலாம்.

கடைசியாக எல்லோரிடமும்: இந்தத் துறையில் வந்திறங்கிய குடும்பங்களின் படங்களைச் சேகரிக்க ஒரு பொது அழைப்பு விடுங்கள். கரீபியன் குடும்பங்களோடு இலங்கை, இந்தியக் குடும்பங்களையும் கேளுங்கள், அவரவர் மொழியிலேயே கேளுங்கள். தமிழ் அழைப்பை எழுதித் தரவும், அல்பங்களைத் தேடி வீடு வீடாகப் போகவும், பழைய படங்களை இன்றைய இடத்தோடு பொருத்திப் பார்க்கவும் நான் ஆயத்தம். சம்பளம் வேண்டாம். ஆற்றுக்குள் போக ஒரு படகு வேண்டும்.

இந்த நான்குக்கும் தனித்தனியே, எழுத்தில், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்திடும் முன் பதில் தாருங்கள். பதிலை நானும் இந்த மடலைப் போலவே எல்லோரும் வாசிக்கும்படி தமிழில் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு புகைப்படக்காரன்